செம்பிக்காக ஒரு கையெழுத்து

நாய் வளர்க்கும் வீட்டுக்கு ஒரு கேள்வி என்றாவது ஒருநாள் வந்தே தீரும். தடுப்பூசி போடும்போது மருத்துவர் கேட்பார். அல்லது வாசலில் தெரு நாய்கள் கூடிய ஒரு காலையில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பார். "ஆபரேஷன் பண்ணிடலாமே?" எங்கள் வீட்டுக்கு அந்தக் கேள்வி இரண்டு முறை வந்தது. முதல் முறை பதில் சொல்லாமலே ஒன்பது ஆண்டுகளைக் கடத்தினோம். இரண்டாம் முறை ஒரு தாளில் கையெழுத்திட்டோம். இரண்டுக்கும் இடையே நாங்கள் கற்றுக்கொண்டதை, இதே கேள்வியின் முன் இப்போது நிற்பவர்களுக்கு உதவக்கூடும் என்று இங்கே எழுதி வைக்கிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். இதிலுள்ள மருத்துவச் செய்திகள் எங்கள் மருத்துவர் சொன்னவையும், பிறகு நாங்கள் தேடிப் படித்தவையுமே. உங்கள் நாயைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்கு முடிவானது.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியும். வீட்டில் மூன்றாமவர் அம்மா. எங்களில் ஒருவருக்குப் பெற்றவர், மற்றவருக்கு மாமியார், இருவருக்கும் அம்மாதான். எண்பதைக் கடந்தவர். இந்தக் கதையில் எங்களைவிட அவருக்கே பங்கு அதிகம்.

*

முதலில் ஜூலியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1996இல் அலுவலக நண்பர் ஒருவர் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த பொமரேனியன் கலப்பு அவள். அன்றைய தாம்பரத்தில் வீட்டு நாய்க்குக் கருத்தடை என்ற பேச்சை நாங்கள் கேட்டதே இல்லை. பெட்டை நாய் என்றால் குட்டி போடும். போட்டால் நாலு பேருக்குக் கொடுக்கலாம். அவ்வளவுதான் எங்கள் அறிவு. 1999இல் ஜூலி ஐந்து குட்டிகளை ஈன்றாள். இரண்டு ஆண், மூன்று பெண். ஆண் குட்டிகள் இரண்டும் கண் திறப்பதற்கு முன்பே பேசி முடிக்கப்பட்டன. பெண் குட்டிகளைப் பார்க்க வந்தவர்கள் தூக்கிப் பார்த்தார்கள், வயிற்றைத் திருப்பிப் பார்த்தார்கள், "பெட்டையா?" என்று கேட்டு மெல்லக் கீழே விட்டார்கள். கடைசியில் யார் யாரையோ கெஞ்சி மூன்றையும் கொடுத்தோம். "நல்ல இடத்தில் கொடுத்துவிட்டோம்" என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டோம். மூன்று மாதம் கழித்து, அவற்றில் ஒன்று பாதி கட்டிய கட்டடம் ஒன்றின் வாசலில் மணல் குவியலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டோம். இன்னொன்று வேளச்சேரிச் சாலையில் பேருந்தில் அடிபட்டதாகத் தகவல் வந்தது. மூன்றாவதைப் பற்றி நாங்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருந்ததும் ஒரு முடிவுதான் என்பது இப்போது புரிகிறது.

அதன்பிறகு ஜூலியைப் பருவக் காலங்களில் அறைக்குள் பூட்டிவைத்துக் காத்தோம். 'ஆபரேஷன்' என்று ஒரு மருத்துவர் சொன்னபோது, "நன்றாக இருக்கிற உடம்பை எதற்கு வெட்டவேண்டும்?" என்று திரும்பிவிட்டோம். அதைக் கருணை என்றே நம்பினோம்.

2005, கத்திரி வெயில். ஜூலி ஓயாமல் தண்ணீர் குடித்தாள். வெயில்தான் காரணம் என்று இன்னொரு கிண்ணம் வைத்தோம். இரவில் இரண்டு முறை, மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுப்பினாள். வயதாகிறது என்றோம். சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தாள். பிறகு வாந்தி எடுத்தாள். மருத்துவரிடம் கொண்டுபோனபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, "கடைசியா எப்போ பருவத்துக்கு வந்துச்சு?" என்பது. ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கருப்பையில் சீழ் கட்டிவிட்டது என்றார். பயோமெட்ரா என்பது அந்நோயின் பெயர். கருத்தடை செய்யப்படாத, நடுவயதைக் கடந்த பெண் நாய்களுக்கு, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் வருவது. கருப்பையின் வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசிந்து நமக்கு எச்சரிக்கை தரும். மூடியிருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. தாகமும் சோர்வும் மட்டுமே தெரியும். ஜூலிக்கு மூடியிருந்தது. அன்று மாலையே அறுவை செய்தார்கள். ஆறு மாதத்தில் நிதானமாகச் செய்திருக்கவேண்டிய அதே அறுவை, ஒன்பதாவது வயதில், நஞ்சு இரத்தத்தில் கலந்தபின், அவசரமாகச் செய்யப்பட்டது. விடியற்காலையில் இறந்துபோனாள்.

"எடுத்துவிட்ட கருப்பையில் சீழ் பிடிக்காது" என்று மட்டும் மருத்துவர் சொன்னார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. அதனாலேயே அது இருபது ஆண்டுகளாக எங்கள் காதில் இருக்கிறது.

*

அதற்குப்பின் பதினெட்டு ஆண்டுகள் வீட்டில் நாய் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாடிப்படியின் நான்காவது படியில் ஒரு தெரு நாய் நடுங்கிக்கொண்டு நின்றது; காலடியில் ஒரே ஒரு குட்டி. அதற்கு முந்தைய வாரம் அதே நாயின் பின்னால் நான்கு குட்டிகள் ஓடியதை நாங்கள் பார்த்திருந்தோம். தண்ணீர் வடிந்தபின் தாய் தன் தெருவுக்குத் திரும்பியது. குட்டி எங்கள் அடுக்களை வாசலிலேயே தங்கிவிட்டது. புதுச் செம்புப் பாத்திரத்தின் நிறம். அம்மாதான் செம்பி என்று பெயரிட்டார்.

2024 ஜூனில் செம்பிக்கு எட்டு மாதம். இம்முறை கேள்விக்காகக் காத்திராமல் நாங்களே மருத்துவரிடம் கேட்டோம். அவர் இளைஞர், பொறுமையாகத் தாளில் படம் வரைந்து விளக்கினார்.

நம் வீடுகளில் பெண்களுக்குச் செய்யும் 'குடும்பக் கட்டுப்பாடு' வேறு, இது வேறு. அங்கே கருக்குழாயை மட்டும் கட்டிவிடுகிறார்கள். சினைப்பையும் கருப்பையும் இருக்கும், மாதவிடாயும் தொடரும். நாய்க்குப் பொதுவாக இரண்டு சினைப்பைகளையும் கருப்பையையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். ஆகவே குட்டி மட்டுமல்ல, பருவமும் நின்றுவிடும். ஆண் நாய்க்கு இரண்டு விரைகளையும் எடுப்பார்கள். அது இதைவிடச் சிறிய அறுவை. ஆனால் ஆண் நாய் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் அதன் உடலில் விந்தணுக்கள் எஞ்சியிருக்கும். வீடு திரும்பியதும் அவிழ்த்துவிடக் கூடாது. கருத்தடை செய்தால் ஆண் நாய் சுற்றித் திரிவது குறையும். கண்ட இடத்தில் காலைத் தூக்குவதும் பெரும்பாலும் குறையும். ஆனால் பயத்தினால் கடிக்கிற நாய் அதனால் மட்டும் கடிப்பதை நிறுத்திவிடாது.

எந்த வயதில் செய்வது என்பதில் கருத்துகள் பலவாக இருக்கின்றன. 1969இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு மார்பகக் கட்டி வரும் ஆபத்து, செய்யாத நாய்களின் ஆபத்தோடு ஒப்பிட 0.5 விழுக்காடுதான் என்றது. ஒரு பருவம் கழிந்தால் 8, இரண்டு கழிந்தால் 26. பல்லாண்டுகள் மருத்துவர்கள் இதையே எடுத்துச் சொன்னார்கள். 2012இல் இத்தகைய ஆய்வுகளை ஒன்றாக வைத்துச் சீர்தூக்கியவர்கள், இதற்கான சான்றுகள் நாம் எண்ணிய அளவு வலுவானவை அல்ல என்றார்கள். 2013இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் கோல்டன் ரெட்ரீவர் நாய்களை ஆராய்ந்து, ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தவற்றுக்கு மூட்டு நோய்கள் கூடுதலாக வருவதைக் கண்டார்கள். ஆகவே பேருடல் கொண்ட இனங்களுக்கு எலும்பு வளர்ந்து முடியும்வரை பொறுப்பது நல்லது என்று பல மருத்துவர்கள் இப்போது சொல்கிறார்கள். நடுத்தர உடல்வாகு கொண்ட நம் நாட்டு நாய்க்கு ஆறு மாதத்துக்குமேல் செய்யலாம் என்றார் எங்கள் மருத்துவர். சில பெண் நாய்களுக்குப் பிற்காலத்தில் உறக்கத்தில் சிறுநீர் கசியும் தொல்லை வரலாம் என்பதையும், எடை கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நன்மையை மட்டும் சொல்லும் மருத்துவரைவிட இப்படிச் சொல்பவரிடம் எங்களுக்கு நம்பிக்கை அதிகம் வந்தது.

நாள் குறிக்கும்முன் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அங்கே முதல் தடை. தட்டணுக்கள் 70,000தான் இருந்தன. நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்கவேண்டும். டெங்கு வந்தால் நம்மவர்கள் அஞ்சுகிற அதே தட்டணுதான். காரணம் உண்ணிக் காய்ச்சல். செம்பி ஓடிக்கொண்டும் விளையாடிக்கொண்டும்தான் இருந்தாள். வெளிப்பார்வைக்கு நோயே இல்லை. அந்த நிலையில் வயிற்றைத் திறந்திருந்தால் இரத்தம் உறையாமல் போயிருக்கக்கூடும். நம் ஊரின் உண்ணிகளை மனத்தில் வைத்துச் சொல்கிறோம்: பரிசோதனையைச் செலவென்று எண்ணித் தவிர்க்காதீர்கள். 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, சோற்றோடு சேர்த்து. ஆகஸ்டில் மறுபரிசோதனை செய்தபோது தட்டணுக்கள் தேறியிருந்தன.

இரண்டாவது தடை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அம்மா சொன்னார்: "ஒரு தரமாவது பெத்து எடுக்கட்டுமே. வாயில்லாத ஜீவன். பெத்து வளக்கிற சுகத்தைத் தெரிஞ்சுக்காமலே போகணுமா?"

ஒரு முறை ஈன்றபின் செய்வது நாயின் உடலுக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னோம். ஆனால் அம்மா பேசியது மருத்துவம் அல்ல. எங்களிடமும் பழைய தயக்கம் ஒளிந்துகொண்டுதான் இருந்தது. அம்மாவின் சொல்லைச் சாக்காக வைத்து அது வெளியே வந்தது. தீபாவளி கழியட்டும் என்றோம். மழை ஓயட்டும் என்றோம். மார்கழி பிறந்தது, செம்பி பருவத்துக்கு வந்தாள்.

மார்கழி நாய் என்று ஊர் சொல்வதன் பொருளை மூன்று வாரம் அனுபவித்தோம். விடியற்காலைக் கோலத்தின்மேல் ஆறு ஆண் நாய்கள் படுத்துக் கிடந்தன. அவற்றில் ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது. இன்னொன்று மூன்று காலால் நடந்தது. இரவெல்லாம் சண்டை. செம்பி உணவை மறந்து கதவைப் பிராண்டினாள். சுகம் என்று நாம் பெயரிடுவது அவளுக்குள் என்னவாக இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. பார்த்த வரையில் அது ஓர் அவஸ்தையாகவே இருந்தது. பருவத்தின்போது அப்பகுதிக்கு இரத்த ஓட்டம் மிகும் என்பதால் அப்போது அறுவை செய்வதைத் தவிர்ப்பார்கள். முடிந்து இரண்டு மூன்று மாதம் பொறுக்கவேண்டும். எங்கள் தயக்கத்துக்கு நாங்கள் கட்டிய வட்டி அது.

அதே சமயம் தெருவில், செம்பியின் தாய் மீண்டும் ஈன்றிருந்தது. ஆறு குட்டிகள். பொங்கலுக்குள் ஒன்றுதான் எஞ்சியது. அம்மா தினமும் மாடிப்படியில் உட்கார்ந்து எண்ணுவார்: ஆறு, ஐந்து, மூன்று, ஒன்று. அதன்பின் அவர் செம்பியைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை.

*

2025 மார்ச் இறுதியில் ஒரு புதன்கிழமை. முந்தைய இரவு எட்டு மணிக்குமேல் உணவு கிடையாது. காலைவரை தண்ணீர் மட்டும் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதே காரணம். பச்சிளங்குட்டிகளுக்கு இவ்வளவு நேரம் பட்டினி ஆகாது. மருத்துவர் சொல்லும் கணக்கைத்தான் கேட்கவேண்டும். காலையில் காலித் தட்டின் முன் உட்கார்ந்து செம்பி எங்களைப் பார்த்தாள். இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நாளைத் தள்ளிவைப்பார்கள், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் ஒரு படிவம் தந்தார்கள். மயக்க மருந்தாலும் அறுவையாலும் நேரக்கூடிய ஆபத்துகளை அறிந்தே சம்மதிக்கிறோம் என்ற வாசகம்; கீழே 'உரிமையாளர் கையொப்பம்'. நிலப் பத்திரத்திலும் வங்கிக் கடன் தாளிலும் போட்ட அதே கையெழுத்து. எங்கள் கால்களுக்கு இடையே நின்றுகொண்டு வாலை ஆட்டும் ஒருத்தியின் உடம்பை வெட்டுவதற்கு அவள் சார்பில் நாங்கள் சம்மதம் தருகிறோம். இருவரில் யார் போடுவது என்று ஒரு கணம் பேனா கைமாறியது. கடைசியில் இருவருமே போட்டோம். ஒரு கையெழுத்துப் போதும் என்று வரவேற்பில் இருந்த பெண் சிரித்தார்.

முதலில் அமைதிப்படுத்தும் ஊசி. ஐந்து நிமிடத்தில் செம்பியின் கால்கள் துவண்டன. எங்கள் மடியில் சாய்ந்தாள். பிறகு கீட்டமின். அந்த மருந்தின் மயக்கத்தில் கண்கள் மூடுவதில்லை என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விழித்த கண்ணோடு, பார்வை இல்லாமல் கிடந்தாள். "வலி தெரியாது, பயப்படாதீங்க" என்று மருத்துவர் சொல்லி, கண் காய்ந்துபோகாமல் களிம்பு தடவினார். கதவு மூடியது. ஐம்பது நிமிடம். தொப்புளுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. உள்ளே கரையும் தையல், வெளியே நூல் தையல். முடிந்ததும் எடுத்ததை ஒரு தட்டில் காட்டினார்கள். கவட்டைக் குச்சியின் வடிவில், வெளிறிய இளஞ்சிவப்பில், எங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. ஜூலியிடமிருந்து எடுத்தது ஒரு வாளியின் அடியை நிறைத்திருந்தது.

பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஏறத்தாழ 9,000 ரூபாய் செலவாயிற்று. அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இதைவிட மிகக் குறைந்த செலவில் முடியும்; காத்திருக்கும் நாள்கள்தான் கூடும்.

*

வீட்டுக்கு வந்த முதல் இரவுக்குத்தான் மனத்தைத் தயார் செய்துகொள்ளவேண்டும். மயக்கம் தெளியும்போது நாய் அழும். வலியால் மட்டுமல்ல; எங்கே இருக்கிறோம் என்று புரியாத குழப்பத்தால் நீளமாக, குழந்தை சிணுங்குவதுபோல் முனகும். உடல் நடுங்கும். குடிபோதையில் நடப்பதுபோல் எழுந்து விழும். ஆகவே கட்டில்மேலோ சோபாவிலோ படுக்க வைக்கக் கூடாது. தரையில் சாக்கு, அதன்மேல் பழைய போர்வை, மின்விசிறிக் காற்று நேரே படாத மூலை. படுத்த இடத்திலேயே சிறுநீர் போகலாம், அதட்டக் கூடாது. தலை நிமிர்த்தி நிற்கத் தொடங்கியபின்தான் கொஞ்சம் தண்ணீர். பிறகு இரண்டு கவளம் மசித்த சோறு. அன்றிரவு அதைத் தொடாவிட்டாலும் கவலையில்லை. மறுநாளும் தொடாவிட்டால், ஈறு வெளுத்திருந்தால், தையலில் இரத்தம் சொட்டினால், வயிறு உப்பினால் உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும். இன்னொன்று: வலிக்கிறதே என்று நம் அலமாரியில் உள்ள பாராசிட்டமாலையோ இபுபுரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். நமக்கு மருந்தாவது அதற்கு நஞ்சு. மருத்துவர் எழுதிய வலி மருந்தை மட்டும், சொன்ன அளவில்.

இரவு பதினோரு மணிக்கு அம்மா தன் பாயை எடுத்துவந்து செம்பியின் பக்கத்தில் விரித்தார். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். "நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டுச் செம்பியின் காதுமடலைத் தடவிக்கொண்டிருந்தார். நாங்களும் படுக்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். முனகல் ஓயும்போதெல்லாம் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது.

"கையெழுத்து யார் போட்டது?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டு பேரும்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, செம்பியைப் பார்த்தபடியே சொன்னார். "எழுபத்தி நாலுல, ரெண்டாவது பொறந்த மறுநாளே எனக்கும் பண்ணாங்க. உங்கப்பாதான் போட்டாரு. டாக்டரம்மா அவர்கிட்ட கேட்டாங்க, அவரு போட்டாரு. எங்கிட்ட யாரும் கேக்கலை. கட்டிலைத் தள்ளிக்கிட்டுப் போறப்பதான் எதுக்குன்னு தெரிஞ்சுது."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகள் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்த செய்தி அது.

"தப்புன்னு சொல்லலை. எனக்கும் போதும்னுதான் இருந்துச்சு. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்." சற்று நிறுத்தினார். "கேட்டிருக்கலாம்."

செம்பி மீண்டும் முனகினாள். அம்மா குனிந்து, போர்வையை இழுத்துவிட்டார். "இதுகிட்ட கேக்க வழியில்லை. அதனாலதான் கூட உக்காந்திருக்கணும்."

செம்பி குட்டி போடவேண்டும் என்று அம்மா ஏன் சொன்னார் என்பது எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. தாய்மையின் சுகத்தைப் பற்றி மட்டும் அவர் பேசியிருக்கவில்லை. கேட்கப்படாமல் முடிவெடுக்கப்படுகிற ஓர் உடம்பைப் பற்றிப் பேசியிருந்தார். அதற்கு நாங்கள் ஆய்வுகளிலிருந்து விழுக்காட்டுக் கணக்குகளைப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். கணக்குகள் தவறல்ல, ஜூலியை நினைத்தால் அவற்றை இன்னும் உரக்கச் சொல்லவேண்டும். ஆனால் கேட்க முடியாதவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டபின் அதற்கு ஈடாக நம்மிடம் இருப்பது அடுத்துவரும் பத்து நாள்கள் மட்டுமே என்பதை அந்தக் கணக்குகள் எங்களுக்குச் சொல்லவில்லை.

*

அந்தப் பத்து நாள்களைப் பற்றி.

இரண்டாம் நாளே நாய் ஓடப் பார்க்கும். நாய்க்கு வலியை மறைக்கத் தெரியும். தையலைக் காக்கத் தெரியாது. பத்திலிருந்து பதினான்கு நாள் ஓட்டம், தாவல், மாடிப்படி, குளியல் எதுவும் கூடாது. கழுத்துவாரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் வரலாம். தையலை நக்கினால் அது பிரியும், புண்ணாகும். மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் கூம்பைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அதோடு செம்பி கதவில் மோதினாள், தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தாள், பின்னோக்கி நடந்தே வீட்டைச் சுற்றிவந்தாள். மூன்றாம் நாள் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய கைவைத்த பனியன் ஒன்றை எடுத்து, முன்கால்களைக் கைகளுக்குள் விட்டு, முதுகின்மேல் முடிச்சுப் போட்டார். தையல் மறைந்தது, நாயும் நாயாக நடந்தது. பருத்தித் துணியாக இருக்கவேண்டும், தினமும் மாற்றவேண்டும், வெளியே போகும்போது முடிச்சை அவிழ்த்துவிடவேண்டும். நக்குவதில் பிடிவாதம் பிடிக்கும் நாய்க்குக் கூம்புதான் காப்பு. காலையும் மாலையும் தையலைப் பார்த்தோம். ஓரத்தில் லேசான சிவப்பும் வீக்கமும் இயல்பு. நீர் கசிவதும் வாடையும் இயல்பல்ல. பன்னிரண்டாம் நாள் நூலைப் பிரித்தார்கள். செம்பி அப்போது மேசைமேல் நின்று மருத்துவரின் காதை நக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். குணம் மாறவில்லை. தபால்காரரை இன்னும் பிடிக்கவில்லை; இடிச் சத்தத்துக்கு இன்னும் கட்டிலுக்கடியில்தான். பசி மட்டும் கூடியது. உடம்புக்குத் தேவையான உணவோ முன்பைவிடக் குறைந்தது. நான்கில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். குறைக்கும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்தது நாங்கள் செய்த பிழை. ஆறு மாதத்தில் இரண்டு கிலோ ஏறிவிட்டது.

*

2025 ஆடியில் மாநகராட்சியின் வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. எங்கள் சிறுவயதில் நாய் வண்டி என்றால் கம்பிச் சுருக்கு. போன நாய் திரும்பாது. சென்னையின் ப்ளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்ற யோசனையை 1964இலேயே முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996இல். எங்கள் ஜூலி வந்த ஆண்டு. 2001இல் அது நாடு முழுவதற்குமான விதியாயிற்று. 2023இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஒரு யோசனை ஊராட்சியின் காதுக்குப் போய்ச்சேர முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின என்று படித்தபோது, எங்கள் ஒன்பது ஆண்டுத் தயக்கத்துக்குத் துணை கிடைத்ததுபோல் இருந்தது. அது ஆறுதல் தரும் துணையல்ல.

செம்பியின் தாயையும் பிடித்துப் போனார்கள். அம்மா வாசலிலேயே நின்றார். வண்டியோடு வந்த இளைஞரிடம், "திரும்பக் கொண்டாந்து விடுவீங்கல்ல?" என்று மூன்று முறை கேட்டார். "இதே எடத்துலதான் பாட்டி" என்றார் அவர்.

சில நாள்கள் கழித்துக் கொண்டுவந்து விட்டார்கள். காதோரத்தில் முக்கோணமாக ஒரு சிறு வெட்டு. கருத்தடை முடிந்தது என்பதற்கான அடையாளம், மீண்டும் பிடித்துப் போகாமல் இருப்பதற்காக. வயிற்றில் மழித்த இடத்தில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. இதற்குப் பனியன் இல்லை, பாய் இல்லை, பக்கத்தில் விழித்திருந்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அது நேராக வந்து, புயலன்று நின்ற அதே நான்காவது படியில் படுத்துக்கொண்டது.

அம்மா உள்ளே போய் ஒரு தட்டில் தயிர்சாதம் பிசைந்து எடுத்துவந்தார். செம்பிக்குக் குறைத்த பங்கு அது என்றார். தட்டைப் படியில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூன்றாவது படியில் உட்கார்ந்தார். அது தின்று முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.